உரிக்கும் முன் தெளித்த தண்ணீர்

மூட்டைகள் போன வண்டியிலேயே திரும்பி வந்துவிட்டன. எடை குறைந்த குழந்தைகளுக்குக் கடலை விழுது தயாரிக்கும் ஆலை, மாதிரி எடுத்துப் பரிசோதித்துவிட்டு, ஒரு மூட்டையைக்கூட உள்ளே விடவில்லை.

வீட்டின் மூத்த மருமகள் கொட்டகை வாசலில் நின்று மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் விளைவித்த கடலை. பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி நிலையம் சொன்ன முறைப்படியே எல்லாம் செய்திருந்தாள். பிடுங்கிய செடியைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்து, பிறகு காயைத் தார்ப்பாயில் பரப்பி, காதருகே குலுக்கினால் பருப்பு கலகலக்கும்வரை காயவைத்தாள். மேகம் கறுத்தால் சாப்பிட்ட கையோடு ஓடுவாள். "அண்ணி கடலையைத் தாலாட்டித் தூங்க வைக்கிறாங்க" என்று கொழுந்தன் கேலி செய்வான். அக்கம்பக்கமும் சேர்ந்து சிரிக்கும். அந்தக் கடலையில்தான் இப்போது பூஞ்சை விஷமாம்.

நிலையத்தின் களப்பணிப் பெண்ணும் வண்டியோடு வந்திருந்தாள். ஈரம் அளக்கும் கருவி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவளுக்கு மீட்டரம்மா என்றே பெயர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி பருப்பை அள்ளினாள். சில பருப்புகளில் பச்சையாகப் பொடி படிந்திருந்தது.

"நீங்க காயவெச்சதுல தப்பே இல்லக்கா. தோலோட இருந்தப்ப நான்தானே அளந்தேன், அருமையா காய்ஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் எங்கயோ தண்ணி பட்டிருக்கு. ஈரத்தோட மூட்டை கட்டி அடுக்கினதுல உள்ளயே புழுங்கிப் போயிருக்கு."

"தண்ணி எப்படிப் படும்? கூரை ஒழுகல. களத்துல இருந்து நேரா மெஷினுக்குத்தானே போச்சு."

மெஷின் என்பது கொழுந்தனின் கடலை உரிக்கும் மெஷின். கொட்டகையின் மறுகோடியில் அதற்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கினான்.

"தண்ணியா? நான்தான் தெளிச்சேன். தெளிக்காம ஓட்டினா பருப்பு ரெண்டா உடைஞ்சு போகும் அண்ணி. நீங்க வேற கல்லு மாதிரி காயவெச்சிருந்தீங்க. நம்ம கடலையாச்சேன்னு ஒரு வாளி கூடவே தெளிச்சேன்."

உபகாரம் செய்தவன் முகம் அவனுக்கு.

"தெளிக்கக் கூடாதுன்னு படம் போட்டு அட்டை குடுத்தோமே?" என்றாள் மீட்டரம்மா. "வாளி மேல சிவப்புல பெருக்கல் குறி போட்டு."

"அதுவா, பத்திரமா இருக்கு." சுவரைக் காட்டினான். அட்டை திருப்பி மாட்டியிருந்தது. வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் மெஷின் வாடகையைக் கரியால் எழுதியிருந்தான். "நல்ல கெட்டி அட்டை. வீணாக்க மனசு வரல."

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். மூத்தவள் திரும்பிப் பார்த்த பார்வையில் கயிறு சுருட்டுகிற சாக்கில் நகர்ந்துகொண்டார்.

கொழுந்தனிடம் இத்தனை வருஷமாக 'வாங்க தம்பி, போங்க தம்பி' என்றுதான் அவள் பேசியிருக்கிறாள்.

"அந்தத் தண்ணிய உன் தலையில கொட்டியிருக்கணும்டா," என்றாள். "பச்சைப் பிள்ளைங்க வாயில வைக்கிற பொருள் அது. உனக்குப் பருப்பு உடையாம பளபளன்னு வரணும், அதான் முக்கியமா?"

"இப்ப என்ன குடி முழுகிப் போச்சு அண்ணி? பொட்டலக்காரன்கிட்ட பேசிட்டேன். வறுத்து உப்புத் தூவிட்டா யாருக்குத் தெரியும்? இதோ வந்துட்டே இருக்கான்."

பொட்டலக்காரன் வறுகடலைப் பொட்டலம் போடுவது முக்கால்வாசி பள்ளிக்கூட வாசல் கடைகளுக்கு.

"வறுத்தா பூஞ்சைதான் சாகும்," என்றாள் மீட்டரம்மா. "அது விட்டுட்டுப் போற விஷம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கல்லீரலைக் கெடுக்கும்."

"எங்கப்பா காலத்துல எல்லாத்தையும்தான் தின்னாங்க. யாரு செத்தா?"

"எதனால செத்தாங்கன்னு யாரு பார்த்தா?"

அவன் பெல்ட்டை இழுத்தான். மூத்தவள் மீட்டரம்மா பக்கம் திரும்பினாள். "உங்களால தடுக்க முடியாதா?"

"ஆலைக்குள்ள விடாதேன்னுதான் எங்களால சொல்ல முடியும்க்கா. வெளிய விக்கிறதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. உணவு அதிகாரிங்ககிட்ட புகார் குடுக்கலாம். அவங்க கிளம்பி வர்றதுக்குள்ள..."

"தின்னே முடிச்சிருப்பாங்க."

சத்தம் கேட்டுப் புருஷன் வந்தார். தம்பியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு போகம் பூரா உழைச்சது. குடும்பத்துக்குள்ள எதுக்கு ரகளை? நம்ம பிள்ளைங்களுக்குக் குடுக்காம இருந்தாப் போச்சு. அவ்வளவுதானே?"

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கொழுந்தன் விஷம் என்று நம்பாமல் செய்கிறான். இவர் தெரிந்தே சொல்கிறார்.

"அடுத்த வீட்டுப் பிள்ளைன்னா பரவாயில்ல," என்றாள். "அப்படித்தானே?"

அவர் வாய் திறக்குமுன் கொட்டகைக்குள் போய்விட்டாள். விதைக்கடலைக்குப் பூசும் மருந்து டப்பா மூலையில் இருந்தது. விதையை யாரும் தவறித் தின்றுவிடக் கூடாது என்று ரத்தச் சிவப்பாகச் சாயம் கலந்து வரும் மருந்து. முதல் மூட்டையின் கட்டை அவிழ்த்தாள்.

"அக்கா, கையுறை," என்று மீட்டரம்மா தன் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். மாட்டிக்கொண்டு கொட்டினாள். முழங்கை வரை விட்டுப் பிசைந்தாள்.

"அண்ணி, பைத்தியமா உங்களுக்கு? இனிமே மாடுகூடத் தின்னாது."

"அதுக்குத்தான்."

கையைப் பிடிக்க வந்த புருஷனை நோக்கிச் சிவந்த கையுறையை நீட்டினாள். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்.

பொட்டலக்காரன் வந்தபோது கடைசி மூட்டையில் இருந்தாள். அவன் எட்டிப் பார்த்தான். கொழுந்தனைப் பார்த்து, "வெளையாடறியா?" என்றான். வண்டியை விட்டு இறங்காமலே திருப்பிக்கொண்டு போனான்.

கொழுந்தன் மெஷினை உதைத்தான். மூத்தவளுக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரு போகத்து உழைப்பு முன்னால் சிவப்பாகக் கிடந்தது. கையுறையைக் கழற்றாமலே மண்வெட்டியை எடுத்து அவன் காலடியில் போட்டாள்.

"பள்ளம் தோண்டு. கிணத்துப் பக்கம் வேண்டாம், மேட்டுல தோண்டு. ஆழமா."

அவன் அண்ணனைப் பார்த்தான்.

"அவரும் வருவார்," என்றாள்.