நூற்றெட்டுப் புளியங்கொட்டை

1.

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சங்கரன்கோவில் தியேட்டரில் ஒரு காட்சிக்கு மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. அதைக் கேட்டு வெட்கப்பட வேண்டிய ஒருவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். இசக்கிராஜா என்று வைத்துக்கொள்வோம். படத்தின் கதையை எழுதியவன் அவன்தான்.

(முதலில் ‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது’ என்று தொடங்கினேன். பெய்யவில்லை. இதிலாவது பொய் வேண்டாமென்று அடித்துவிட்டேன்.)

2.

படம் இரண்டு எத்தர்களைப் பற்றியது. ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் கோயிலை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றுவதாக நேர்ந்துகொண்டு, நடக்க முடியாமல் தவிப்பவர்களை ஒருவன் பிடிக்கிறான். அவர்களுக்குப் பதிலாகத் தான் சுற்றுவதாகச் சொல்கிறான். போட்டிக்காரன் சும்மா இருப்பானா? “நம்மகிட்ட இருநூத்திப் பதினாறு சுத்து வே!” என்று கூவுகிறான். இருவரும் ஒரு சுற்றுகூடச் சுற்றுவதில்லை.

3.

உண்மையில் எத்தன் ஒருவன்தான்.

பக்கத்து வீட்டுப் பூமாரி அத்தை விசைத்தறியில் நின்று நின்றே முழங்கால் தேய்ந்தவர். பதினாறு வருடம் முன்பு, சங்கரபாண்டியன் மாமா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அத்தை இசக்கிராஜாவைக் கூப்பிட்டார்.

“ஏலே ராசா, மாமாவுக்கு நேந்திருக்கேன். எனக்குக் கால் வரமாட்டேங்கு. நீ சுத்திட்டு வா மக்கா. சுத்துக்கு ஒரு கொட்டையாப் போட்டுட்டே வா, எண்ணிக்க தப்பாது.”

மஞ்சள் பையில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை. ஊரில் வேறு யாரும் அப்படி எண்ணுவதில்லை. அது அத்தையின் சொந்த யோசனை.

அவன் ஐந்து சுற்று [இல்லை, மூன்று] சுற்றினான். பிறகு மதியக் காட்சிக்குப் போய், மிச்சத்தைச் சீட்டுக்கு அடியில் கொட்டிவிட்டுக் காலிப் பையோடு திரும்பினான். “முடிச்சாச்சு யத்தே.” அத்தை வெந்நீர் வைத்து அவன் காலில் ஊற்றி, எண்ணெய் தேய்த்துவிட்டார். அவன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மாமா பிழைக்கவில்லை.

[சுற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா? மாட்டார். அது தெரிந்தும் எனக்கு ஆறுதல் இல்லை.]

“ஆள விட்டுச் சுத்துனேம்லா, அதான் சாமி ஏத்துக்கல” என்று அத்தை இன்றுவரை தன்னையே குற்றம் சொல்கிறார். அதற்குப் பிராயச்சித்தமாக, வருடம் தவறாமல் அந்த முழங்காலோடு அவரே சுற்றுகிறார்.

4.

படத்தில் எத்தன் தியேட்டரில் உட்கார்ந்து புளியங்கொட்டையைக் கொட்டுகிற காட்சி உண்டு. இயக்குநர் வேண்டாம் என்றார். இசக்கிராஜா விடவில்லை. கையில் நல்ல விவரம் ஒன்று இருந்தால் எழுதுகிறவனுக்கு அதை விட மனசு வராது. யாருடைய விவரம் என்று அவன் யோசிக்கவேயில்லை.

“எம்மருமவன் எழுதுன படம்” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, அத்தை அவன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். அந்தக் காட்சி வந்தது. எல்லாரோடும் சேர்ந்து அத்தையும் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு மட்டும் நின்றது.

“ஏலே… எத்தன சுத்து சுத்துனலே?”

5.

முதல் முடிவு: “அது கற்பனை யத்தே” என்கிறான். அவர் நம்பிவிடுகிறார்.

இரண்டாவது: உண்மையைச் சொல்கிறான். அத்தை மனசிலிருந்து பதினாறு வருடப் பாரம் இறங்குகிறது. அவன் முகத்தில் அவர் விழிப்பதில்லை.

மூன்றாவது: அவன் மெதுவாக அத்தையின் கையைப்

அவன் இல்லை. நான். பெயரை மாற்றி வைத்தால் கூச்சம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. அன்று பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்தவன், பஸ் ஏறிவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆடித்தபசுக் கொடி ஏறுகிறது. அத்தை முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சங்கரன்கோவில் பக்கம் போகிறவர்கள் யாராவது, அதற்கு முன்னால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மூன்று என்ற இடத்தைச் சத்தமாக வாசியுங்கள்.

மறுபடியும் ஆளை விட்டுத்தான் செய்கிறேன். தெரிகிறது.