வாயில் சொன்ன அளவு

சாஜிதா பேகம் பதினெட்டு வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். டேப்பைச் சுற்றிப் பிடிக்கும்போது முப்பத்தெட்டு என்று கண்ணில் பட்டால் முப்பத்தாறு என்று வாயில் சொல்வார். நோட்டிலும் முப்பத்தாறு என்றே எழுதுவார். துணியை வெட்டும்போது மட்டும் சத்தமில்லாமல் இரண்டு இன்ச் கூட்டிக்கொள்வார். அளவு கொடுக்க வரும் பெண்களுக்கு அந்த நோட்டை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால் முகம் சுண்டிப்போகும். இந்த எண்தான் அழகு என்று எந்தக் காலத்திலோ எந்த முட்டாளோ சொல்லிவிட்டுப் போனதற்கு இந்தப் பிள்ளைகள் ஏன் அழ வேண்டும் என்பது சாஜிதாவின் கட்சி. கோட்டைமேட்டுச் சந்துக்குள் இருந்த அந்தத் தையல் கடையைத் தேடி அத்தனை கூட்டம் வந்ததற்கு இந்தப் பொய்யும் ஒரு காரணம்.

கூட்டுகிற கணக்கு அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த கீதாவிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. கீதா திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்தவள். அங்கே தாளில் எழுதியதுதான் அளவு. தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விடுகிற பேச்சே கிடையாது. சாஜிதா தன் அக்கா மகளின் பிரசவத்துக்கென்று காரமடைக்குப் போய் இரண்டு வாரம் தங்கிவிட்டார். அந்த இடைவெளியில் யுவஸ்ரீயின் கல்யாண ஜாக்கெட்டுக்கு வெளியே கொடுத்து ஆரிப் பூவேலை செய்து வாங்கி, நோட்டில் இருந்த முப்பத்தாறுக்கே துளி பிசகாமல் வெட்டித் தைத்து, கீதா கொடுத்தும் அனுப்பிவிட்டாள்.

அந்த யுவஸ்ரீதான் புதன்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து நின்றாள். கருமத்தம்பட்டிக்காரி, பேங்க்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏனுங்கக்கா, ஊக்கு மாட்டிப்போட்டேன், பாருங்க" என்று துப்பட்டாவை விலக்கினாள். "மூச்சுத்தான் முழுசா வர மாட்டேங்குது. இன்னும் ஒரு இன்ச்சு கொறைச்சுட்டன்னா அதும் வந்துருமுங்க."

ஜாக்கெட் கையின் இறுக்கத்தில் புஜம் சிவந்து தடித்திருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மிஷினுக்குப் பக்கத்தில் கீதா சோற்று டப்பாவைத் திறந்தாள். யுவஸ்ரீ அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காலைல என்ன சாப்ட, கண்ணு?" என்று கேட்டார் சாஜிதா.

"வெள்ளரிக்காயும் சுடுதண்ணியுங்க. பதினொரு நாளா அதேதான். ஜாக்கெட்டு வந்தன்னிக்கு ஊக்கே எட்டலைங்க. அளவெடுக்கறப்ப முப்பத்தாறுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஒரே மாசத்துல இப்படிப் பெருத்துட்டமேன்னு பயந்து போயிட்டேன். மாப்பிள்ளை ஊட்டுல வேற, புள்ள பூசுனாப்புல இருக்குதுன்னு சொன்னாங்களாமா."

சாஜிதா நோட்டைப் புரட்டினார். முப்பத்தாறு. கீதாவைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. தப்பு தன்னுடையது என்று அந்தப் பெண்ணே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். சொன்னாலோ, பதினெட்டு வருஷப் பொய்யும் வெளியே வரும். முறை வந்து கூப்பிடட்டும் என்று இரண்டு பெண்கள் பெஞ்சில் வேறு உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மணி, நீ பெருக்கலை" என்றார் சாஜிதா. "உன்ற அளவு அன்னிக்கே முப்பத்தெட்டு. மனசு நோவ வேண்டாமுன்னு நாந்தான் கொறைச்சுச் சொன்னேன். எல்லாருத்துக்கும் அப்படித்தான் சொல்லுவேன். வெட்டறப்ப கூட்டிக்குவேன். கீதாவுக்கு அது தெரியாது. தப்பு என்ற மேலதான்."

பெஞ்சில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பதினொரு நாளுங்கக்கா" என்றாள் யுவஸ்ரீ. "போன வாரம் பேங்க் கவுண்டர்லயே மயங்கி உழுந்தேன். அம்மாகிட்ட வெயிலுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்." அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அந்த ஜாக்கெட்டில் விம்மி அழக்கூட இடமில்லாமல், தேம்பித் தேம்பி அழுதாள்.

சாஜிதாவுக்கு வெட்கமாக இருந்தது. பெரிய உபகாரம் செய்வதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். சின்ன எண்தான் அழகு என்று சொன்ன அந்த முட்டாளை இத்தனை வருஷம் வைது என்ன பிரயோஜனம்? கையில் டேப்பை வைத்துக்கொண்டு அதே பாடத்தைத்தானே அவரும் நடத்தியிருக்கிறார்.

யுவஸ்ரீயின் கண்ணைத் துடைத்துவிட்டு, ஊக்குகளைக் கழற்றிக் கொடுத்தார். அக்குளுக்குக் கீழே ஆரி வேலை இல்லை, சேலையில் வெட்டிய துணியும் மிச்சம் இருந்தது. அங்கே பிரித்து ஒட்டுக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. யுவஸ்ரீ மறைப்புக்குப் பின்னால் போய், பையில் கொண்டுவந்திருந்த சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்ததும் மறுபடி டேப்பைச் சுற்றினார். பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி, கண்ணில் பட்டதை அப்படியே சொன்னார்.

"முப்பத்தேழு."

"எழுதாதீங்கக்கா" என்றாள் யுவஸ்ரீ. "முப்பத்தெட்டுக்கே தைங்க. இன்னும் நாலு நாள் இருக்குதுல்லங்க."

பிறகு கீதாவின் பக்கம் திரும்பினாள்.

"அது தக்காளிச் சோறுங்களா?"

கீதா டப்பாவை அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் எடுத்து வரப் போனாள்.