கயிறு பிடித்த கை

வாசலில் இரும்புச் சங்கிலி விழுந்த சத்தம் கேட்டு அல்போன்சா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். தம்பி ரோச் நின்றிருந்தான். அவன் பின்னால் வள்ளத்து ஆட்கள்.

“மச்சானை அந்தோணியார் கோயில்ல கொண்டுபோய்க் கட்டப் போறோம்க்கா.”

அவள் கணவன் இஞ்ஞாசி சங்கு குளிக்கிறவன்; அவன் கடலுக்குள் இறங்கினால், அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை வள்ளத்திலிருந்து பிடித்திருப்பவன் ரோச். போன பருவத்தில் மூச்சு முட்டி மேலே வந்தபோது, வள்ளத்தின் அடிக்கட்டையில் தலை மோதிவிட்டது. காயம் ஆறியது, ஆள்தான் மாறிப்போனான். சொன்னது மறந்தது, நடை தள்ளாடியது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கை ஓங்கினான்.

“பேயுமில்ல, பிசாசுமில்ல. மூளையில அடின்னு டாக்டர் சொல்லியாச்சு. கூட ஆள் இருந்து பேச்சுக் கொடுக்கணுமாம். உங்கள்ல ஒருத்தராவது எட்டிப் பாத்தீங்களா?”

“பேச்சுக் கொடுக்கப் போனவன் பல்லுல்லா போச்சு” என்றான் வீங்கிய வாயோடு ஒருவன்.

அல்போன்சா சேலைத் தலைப்பால் தன் கன்னத்து வீக்கத்தை மறைத்துக்கொண்டு, இரு கைகளாலும் வாசலை அடைத்து நின்றாள்.

“அக்கா தாலி அறுந்துரக் கூடாதுன்னு நெனப்பான்னுதான மச்சினன் கையில கயித்தைக் கொடுக்காங்க. கடலுக்குள்ள அவரு உசுரையே பிடிச்சிருந்த கையிலயா ஏலே இப்பச் சங்கிலி?”

ரோச் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“இது மச்சான் கொண்டுவந்து தந்த சங்கிலிக்கா. ‘இன்னொரு தடவை அவளை அடிக்கதுக்கு முன்னால என்னைக் கட்டிப் போட்டுருலே’ன்னு காலையில வந்து அழுதாரு.”