பார்க்காமல் போட்ட கையெழுத்து

மூக்கையா ஒரே மூச்சில் நான்கு வாரக் கையெழுத்தையும் போட்டுக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரின் டெலிபோன் எக்சேஞ்சில் அவர்தான் மெக்கானிக். மின்சாரம் நின்றாலும் பேச்சு நிற்காமலிருக்கப் பின்னறையில் பேட்டரிகள் இருந்தன. வாரந்தோறும் அவற்றைச் சோதித்து, தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றி, பதிவேட்டில் எழுதவேண்டும்.

"பாக்காமலே எழுதுறீகளேண்ணே?" என்றாள் ஆபரேட்டர் லூர்தம்மாள்.

"நாலு மாசமாக் கரண்டே போகல தாயி. அது பாட்டுக்கு இருக்கும்."

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பேட்டரி அறைச் சாவி அவரிடம். தன்னால் முடிந்ததை அவள் செய்தாள்: அவசர அழைப்பு எதுவானாலும் காதில் விழ விழ எழுதிவைத்தாள்.

அது 1963 ஐப்பசி. அடுத்த நாள் பிற்பகல். இடியும் மழையுமாக இருந்தது. மின்சாரம் போன சற்று நேரத்தில் அரிசி மில் போனுக்கு ஓடிவந்து உடையப்பன் பதறினார்.

"தாயி, எம் பொஞ்சாதிக்குப் பிரசவ வலி, ரத்தம் நிக்கல. பேகம்பூர் டாக்டரக் காரோட வரச்சொல்லு. ஓடைக்கு அக்கரை, புளியந்தோப்புக்குத் தெக்க, ஓட்டு வீடு..."

டாக்டருக்கு இணைப்புக் கொடுப்பதற்குள் பேட்டரி ஓய்ந்தது. எல்லா லைனும் ஊமையாகிவிட்டது.

லூர்தம்மாள் தாளைக் கிழித்து மூக்கையாவிடம் நீட்டினாள். "போன்தான் செத்துச்சு, சேதி சாகல. சைக்கிள எடுங்கண்ணே!"

ஐந்து மைல். எதிர்காற்றில், கொட்டும் மழையில் அவர் மிதித்தார். டாக்டர் நூர் அகமது தாளை வாங்கிப் படித்தார். கார் வழி தேடாமல் நேரே ஓட்டு வீட்டுக்குப் போயிற்று. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

"அரைமணி முந்தி வந்திருந்தா ரெண்டு உசுரும் தங்கியிருக்கும்" என்றார் டாக்டர்.

மறுநாள் மூக்கையா பேட்டரிகளைத் திறந்தார். உள்ளே தகடுகள் காய்ந்து வெளுத்துக் கிடந்தன.

விசாரிக்க வந்த டெலிபோன் இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "மின்னல்ல போச்சுன்னு எழுதிக் குடுய்யா. வேலை தப்பிச்சிரும்."

"மாட்டேங்கய்யா" என்றார் மூக்கையா. நான்கு வாரமாகப் பேட்டரியைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

"கரண்டு போறது யாரு கையிலயும் இல்ல. போனாலும் சேதி நின்னுராமக் காக்கத்தான் எனக்குச் சம்பளம். வேலைய எடுத்தா எடுங்க. ஆனா, பாக்காமப் போடுற கையெழுத்தும் ஒருத்தர் உசுர எடுக்கும்னு இங்க வேலைக்கு வாரவங்க அம்புட்டுப் பேருக்கும் சொல்லுங்க!"