மூணாம் பெஞ்சின் நாலு வரிகள்

நாலு மணியாக இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது. அதற்குள் அவள் முகத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

அவள் மைக்ரோவேவ் அடுப்பு பழுதுபார்க்கிறவள். கடையின் பின்னறையில் மூன்று வேலை மேசைகள், கடைப் பேச்சில் பெஞ்ச். ஜன்னலோரத்தில் கிடக்கிற மூன்றாவது அவளுடையது. பழுதுபார்ப்பவர்களின் இணையக் குழுவில் சேர்ந்த அன்று, பெயர் கேட்ட இடத்தில் 'மூணாம் பெஞ்ச்' என்று போட்டாள். நான்கு வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வருகிறாள். எல்லாரும் பெஞ்சண்ணே என்றார்கள். அவள் திருத்தவில்லை.

கடையில் கதை வேறு. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அவள் நிற்பதைப் பார்த்த பிறகும், "மெக்கானிக் எப்பம்மா வருவாரு?" என்பார்கள். நான்தான் என்றால், "வேற யாரும் இல்லையா?" என்பார்கள். குழுவில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. ஃப்யூஸ் ஏன் போகிறது என்று மட்டுமே கேட்டார்கள்.

இரண்டு மாதமாகக் குழுவுக்குள் மெஷின்கள் புகுந்துவிட்டதாகப் பேச்சு. ஆள் இல்லாத கணக்குகள். 'அருமையான பதிவு நண்பரே' என்று நாற்பது பேர் ஒரே வாக்கியத்தைப் போட்டார்கள். அம்மா தவறிவிட்டதால் ஒரு வாரம் வர முடியாது என்று ஒருவர் எழுதியதற்கும் அதே அருமை. அன்றுதான் குழுவை நடத்துகிற லைன்மேன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். பெயரையும் வேலையிலிருந்தே எடுத்துக்கொண்டவர். சந்தேகப் பட்டியலில் பதினோரு கணக்குகளைப் போட்டார். நான்காவது, மூணாம் பெஞ்ச்.

'நானூறு பதில். எல்லாமே அதே நாலு வரியில ஆரம்பம். ஒரு எழுத்து மாறல. மனுஷன் இப்படி எழுதுவானா? இன்னைக்குத் தேதி எழுதின தாளைப் பிடிச்சுக்கிட்டு முகம் தெரிய ஒரு வீடியோ அனுப்புங்க. நாலு மணி வரைக்கும் டைம். அந்த நாலு வரி இன்னொரு தடவை வந்தா அதுவரைக்கும்கூடப் பொறுக்க மாட்டேன்.'

கீழே மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். 'பெஞ்சண்ணே, சார்ஜ் இறங்கிடுச்சா?' 'ரோபோவுக்குக் கூச்சம் போலிருக்கு.'

நாலு வரி விஷயம் உண்மைதான். அதை அவள் போனில் சேமித்து வைத்திருந்தாள். மைக்ரோவேவ் என்று யார் வாயைத் திறந்தாலும் முதலில் அதை ஒட்டுவாள். பதில் பிறகுதான்.

பிளக்கைக் கழட்டுங்க.
பத்து நிமிஷம் பொறுங்க.
கபாசிட்டர்ல மிச்சமிருக்கிற கரண்ட்டை இறக்குங்க.
அதுக்கப்புறம் கை வைங்க.

முதல் மேசையில் வேலை பார்த்தவர் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது வரியை மறந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மேசையில் இப்போது உதிரிபாகப் பெட்டிகள்.

நாத்தனார் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ரசீது எழுதுவதும் வம்பு வளர்ப்பதும் அவள் துறை.

"அண்ணி, ரெண்டு செகண்ட் வீடியோ. பல்லைக் காட்டிட்டு வேலையைப் பாருங்களேன்."

"காட்ட மாட்டேன்."

"வீம்புக்குன்னே பொறந்தீங்களா?"

"நான் சொல்லிக் கொடுத்து நானூறு அடுப்பு ஓடுது. அதைப் போய்ப் பார்க்கச் சொல்லு."

"அன்புத்தோழி காட்டலையா? எத்தனை ஹார்ட்டு தெரியுமா? எங்கண்ணன்கூட ஒண்ணு போட்டிருக்காரு."

"உங்கண்ணனை வீட்டுல வந்து வச்சுக்கறேன்."

அன்புத்தோழி பட்டியலில் ஏழாவது. வீடியோ அனுப்பித் தப்பித்த ஒரே கணக்கு. வெள்ளைச் சுவர், தேதி எழுதிய தாள், சிரித்த முகம். இருபது வருடமாக அடுப்பு கழற்றுவதாகச் சொன்னது. அவள் அந்த வீடியோவை மூன்று தடவை ஓட்டினாள். முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

மூன்று ஐம்பத்தொன்றுக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் கேள்வி வந்தது.

'மைக்ரோவேவ் சூடாக மாட்டேங்குது. இப்பதான் பிளக்கைக் கழட்டி மூடியைத் திறந்தேன். உள்ள கை வைக்கலாமா?'

அன்புத்தோழி முந்திக்கொண்டது.

'அருமையான கேள்வி நண்பரே! பிளக்கைக் கழற்றியவுடன் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடும். துணிந்து கை வையுங்கள்!' கடைசியில் ஒரு பூ.

அவள் போனை எடுத்தாள். நாத்தனார் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, அந்த நாலு வரி வேணாம். அதைப் போட்டா உடனே தூக்கிருவாரு. வேற மாதிரி எழுதுங்க."

"வேற மாதிரி யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த ஆளு கைய வச்சுட்டா?"

ஒட்டினாள். நாலு வரி. அனுப்பினாள்.

திரையில் அசைவில்லை.

பிறகு வந்தது. 'ஐயோ. கை பாதி தூரம் உள்ள போயிடுச்சு. எடுத்துட்டேன். பொறுக்கறேன். அந்தக் கரண்ட்டை எப்படி இறக்கறது?'

அவள் 'தள்ளி உக்காருங்க. எதையும் தொடாதீங்க. ஒவ்வொண்ணா சொல்றேன்' என்று அனுப்பினாள்.

அதற்குள் லைன்மேன் குரல் பதிவே போட்டுவிட்டார். கரகரத்த குரல் பின்னறை முழுக்கக் கேட்டது.

"பெஞ்சண்ணே, அத்தனை சொல்லியும் அதே நாலு வரியா? நீங்க மெஷின்தான்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீங்க. கடைசியா கேக்கறேன். வீடியோ வருதா, தூக்கட்டுமா?"

"அனுப்பிருங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "கெஞ்சிக் கேக்கறேன். நானே எடுக்கறேன். முடியைக் கொஞ்சம் ஒதுக்குங்க."

அவள் முடியை ஒதுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கட்டைவிரலாலும் தட்டினாள்.

"வீடியோ வராது. நான் மெஷின்னே வச்சுக்கோங்க. அந்தப் புது ஆளு இன்னும் ஏழு நிமிஷம் பொறுக்கணும், அப்புறம் கரண்ட்டை இறக்கணும். என்னைத் தூக்கிட்டா அதை அவருக்கு யாரு சொல்லுவாங்க, நீங்களா?"