கடைசி வரியில் யார் பெயர்

எங்கள் பரேல் மில் குடியிருப்பின் ராணோஜி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மிதிக்க விடவில்லை என்பதே சரி. கடைப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டினான். அந்த எழுத்தை வைத்தே கதைகள் எழுதினான், பவாடா என்னும் கதைப்பாட்டுகள் கட்டி மேடையில் பாடினான். பின்பாட்டும் ஒற்றைத் தந்தித் துந்துணா மீட்டலும் நான்.

பவாடாவின் கடைசி வரியில் பாட்டைக் கட்டியவன் தன் பெயரைச் சொல்லி முடிப்பான். அதுதான் முத்திரை. இவனோ யாருடைய கதையோ அவர்கள் பெயரைச் சொல்வான். வேலைநிறுத்தப் பாட்டு, "விட்டாபாய் சொல்கிறாள், கேளுங்கள்" என்று முடியும். மில் வாசலில் முதலில் கொடி பிடித்தவள் அவள்.

அவன் மனைவி சோனுபாய்க்கு அதில் மனத்தாங்கல்.

"ஊர்ல இருக்கிறவ பேரெல்லாம் பாட்டுல வருது. உலை வைக்கிறவ பேரு மட்டும் வாயில வராதா?"

"என் பேரே வரலையேடி! நீ வேற, நான் வேறயா?" என்று மழுப்பிவிடுவான்.

அவன் இறந்துபோன பிறகு பாட்டுக்காரர் சங்கம் பழைய பவாடாக்களைப் புத்தகமாக்கக் கிளம்பியது. வேலைநிறுத்தப் பாட்டை விட்டாபாய் கட்டியதாக முடிவு செய்தார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். "முத்திரைக்கு மேல சாட்சி ஏதுப்பா?" என்றார் தலைவர். அவரும் பாட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோனுபாய் கத்தவில்லை. "அந்தப் பாட்டும் போச்சுன்னா, அவரு இருந்ததுக்கு என்னண்ணா அடையாளம்?" என்றாள்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பாராட்டு விழா எங்கள் முற்றத்திலேயே நடந்தது. விட்டாபாய்க்குச் சால்வையும் தேங்காயும் எடுத்தார்கள். கிழவி கையால் தடுத்தாள்.

"முதல்ல பாடறேன். அப்புறம் போர்த்துங்க."

குரல் உடைந்திருந்தது, வேகம் குறையவில்லை. கடைசி வரி வந்தது. முன்வரிசையில் இருந்த சோனுபாயைப் பார்த்துப் பாடினாள்.

"சோனுபாயின் ராணோஜி சொல்கிறான், கேளுங்கள்!"

வரி தாளத்தை மீறி ஓடியது. நான் கூடுதலாக ஒரு மீட்டு மீட்டிப் பிடித்தேன். முற்றமே "ஜீ ஜீ ஜீ" என்று பின்பாட்டுப் பாடியது.

"முத்திரையை மாத்திட்டியே பாயி!" என்று பதறினார் தலைவர்.

"என் பேரை அவன் வச்சான். அவன் பேரை நான் வச்சேன். நீங்க அதையே அச்சடிங்க."

அவர் முற்றத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சால்வையைக் கொண்டுபோய் சோனுபாயின் தோளில் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

"தன் பேரை ஏன் சொன்னீங்கன்னு அவரு திட்டுவாரு," என்றாள் சோனுபாய், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "திட்டட்டும். இன்னொரு வாட்டி பாடுங்கக்கா."