மூன்றாம் அரங்கின் கசடு

வெப்பவியல் பேராசிரியர் மூன்றாம் அரங்கில் வகுப்பெடுக்கும்போது பேசிய சொற்கள் தரையில் விழுந்து அழுகத் தொடங்கியது, பல்கலைக்கழகம் விடுமுறை முடிந்து திறந்த இரண்டாவது வாரத்தில். சாம்பல் நிறம், மூக்குச்சளியின் பதம். பையிலேயே மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் குப்பென்று அடிக்குமே, அந்த நாற்றம். முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தபோது செருப்பு தரையோடு போய்விட்டது; வெறுங்காலை வைத்தவன் அங்கேயே குமட்டினான். அதற்குப் பிறகு முன்வரிசையில் யாரும் உட்காரவில்லை. எப்படி இது நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் கழுவுவது என்றுதான் கேட்டார்கள்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் டேப். வேலைக்குச் சேர்ந்த வருடம் பேசிய அதே பாடத்தை, அதே இடத்தில் இருமி, அதே இடத்தில் கரும்பலகையைத் தட்டி, வருடா வருடம் ஓட்டிக்கொண்டிருந்தார். இடையில் கொதிகலன் பற்றி ஒரு ஜோக் வரும். அதற்கு அவர் மட்டும் சிரிப்பார். விழுந்ததிலேயே அந்த ஜோக்தான் அதிகம் நாறியது.

கடைசி வரிசையில் காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவருடைய சொந்த மகள். போன வருடம் அப்பாவின் பாடத்தில்தான் தேறாமல் போனாள். இந்த முறையும் போனால் படிப்பே போய்விடும், அது விதி. வீட்டில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். "அவ ஏன் நம்மளோட உட்கார்ந்து சாப்பிட மாட்டேங்கறா?" என்று ஒருநாள் மனைவியைக் கேட்டார். "முதல்ல குளிச்சிட்டு வந்து கேளுங்க," என்றாள் மனைவி, ஜன்னலைத் திறந்துகொண்டே.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. முதலில் ரோஜா மணம் அடித்தார்கள். அழுகிய ரோஜா மணம் வந்தது. பிறகு கம்பளம் விரித்தார்கள், கம்பளம் மிதந்தது. அதற்குள் சட்டத் துறையிலும் கணிதத் துறையிலும் கசடு கதவிடுக்கு வழியாக நடைபாதைக்கு வந்துவிட்டதால், ஆசிரியர் மேம்பாட்டு மையம் என்று ஒன்று இருப்பது நிர்வாகத்துக்கு ஞாபகம் வந்தது. மையத்தின் இயக்குநர் எல்லா ஆசிரியர்களையும் பெரிய மண்டபத்தில் கூட்டி, மாணவர்களைப் பேச விட வேண்டியதன் அவசியத்தைப் பற்றி, காலையிலிருந்து மதியம் வரை, ஒருவரையும் பேச விடாமல் பேசினார். கை தூக்கிய இரண்டு பேரைக் கடைசியில் கேட்கலாம் என்று உட்கார வைத்தார். கடைசி வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் கசடு முழங்காலுக்கு ஏறிவிட்டது. குழுப் படத்தை நாற்காலிமேல் நின்று எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழ்களின் ஓரம் பிசுபிசுவென்று ஒட்டியது. துடைத்து, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டினார்கள். ஆண்டறிக்கையில் பயிலரங்கம் மாபெரும் வெற்றி.

அதே மையத்தில் ஆலோசகர் ஒருவர் இருந்தார். ஒரு ஆசிரியர் கூப்பிட்டால் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, பிறகு தனியாகப் பேசுவது அவருடைய வேலை. சேர்ந்த நாளிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவரைக் கூப்பிடுவது, தனக்கு வேலை தெரியாது என்று முரசறைவதற்குச் சமம் என்று எல்லோரும் நினைத்தார்கள். முதலில் போய்க் கதவைத் தட்டியவர் டேப்.

"என் பொண்ணு இந்தத் தடவையும் போயிட்டா அவ்வளவுதான் மேடம்," என்றார். "என்னால பார்த்துட்டிருக்க முடியலை."

ஆலோசகர் அடுத்த வகுப்புக்கு வந்து, மகளுக்குப் பக்கத்தில், அவரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாச் சொல்லும் விழுவதில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. யாராவது ஒருவர் பிடித்துக்கொண்ட சொல் பாதி வழியிலேயே காணாமல் போய்விடும். யாருக்கும் வேண்டாததுதான் சதக் சதக்கென்று தரைக்கு வந்தது. அதிகம் விழுந்த சொல் ‘புரிஞ்சுதா’. அது தரையைத் தொடுவதற்குள் அவரே "புரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிடுவார். அதுவும் அதன்மேலேயே விழும்.

"கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிடறீங்க சார்," என்றார் ஆலோசகர், வெளியே குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே.

"பசங்க வாயைத் திறக்க மாட்டாங்க மேடம்."

"நீங்க மூடினாத்தானே அவங்க திறப்பாங்க?"

மூடிப் பார்த்தார். முடியவில்லை, வாய் தானாகத் திறந்து பழைய வரியைக் கக்கியது. அதனால் ஆலோசகர் ஒரு வழி சொன்னார். கேள்வி கேட்டதும் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். யாராவது பேசும் வரை விழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது.

மறுநாள் டேப், ஐஸ் உருகி முடிகிற வரை, எவ்வளவு சூடு கொடுத்தாலும் அதன் வெப்பநிலை ஏன் ஏறுவதில்லை என்று கேட்டுவிட்டு, வாய் நிறையத் தண்ணீரோடு நின்றார். கன்னம் இரண்டும் பலூனாக உப்பின. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பிறகு அதுவும் அடங்கிவிட்டது. காலடியில் பழைய கசடு கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டியது. வாய்க்குள் இருந்த தண்ணீர் மெல்ல மெல்லக் கெட்டியாகி, அத்தனை வருடங்களாகத் தான் மற்றவர்களுக்கு ஊட்டியது எந்த ருசி என்று அவருக்குத் தெரிந்தது.

"அப்பா," என்றாள் மகள். வகுப்பில் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "போன வருஷமும் இதைக் கேட்டு நீங்களே சொல்லிட்டீங்க. எழுதிக்கிட்டேன். ஆனா புரியலை. குடுக்கிற சூடு எங்கதான் போகுது?"

கேள்வி பதிலாகுமா என்று அவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தலையாட்டினார். டேப் கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் விழுங்கினார். உடம்பு ஒருமுறை குலுங்கியது.

"எங்க போகும்?" என்றார் மற்றவர்களைப் பார்த்து. "யாராவது அவளுக்குச் சொல்லுங்களேன்."

அந்தச் சொற்கள் கீழே வரவில்லை. இடதுபக்கத்தில் ஒருத்தி எதையோ தப்பாகச் சொன்னாள், பின்னாலிருந்து ஒருவன் அவளை மறுத்தான், அரங்கம் சந்தைக் கடையானது. மகள் பெஞ்சிலிருந்து காலைக் கீழே இறக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு கசட்டில் நடந்து, கரும்பலகைக்குப் போனாள்.

அந்த வருடம் அவள் மயிரிழையில் தேறினாள். இயக்குநருக்கு விருது கிடைத்தது. அவருடைய ஏற்புரைக்குப் பிறகு மேடையைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. ரப்பர் பூட்ஸ் இப்போது பல்கலைக்கழகக் கடையில் பேனாவுக்குப் பக்கத்திலேயே விற்கிறது. புதிய கட்டடத்தில் ஒவ்வொரு வகுப்பறைக்கும் சாக்கடை வைத்தே வரைபடம் போட்டார்கள். மையத்துக்கு அறை ஒதுக்க மறந்துவிட்டார்கள்.

டேப் வகுப்பு முடிந்ததும் குழாயடிக்கு வருவார். மகள் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பாள்.

"இன்னைக்குக் கணுக்கால் அளவுகூட இல்லப்பா," என்றாள் ஒருநாள். "அந்தக் கொதிகலன் ஜோக்கை விட்டிருந்தீங்கன்னா சுத்தமாவே இருந்திருக்கும்."

"அது நல்ல ஜோக்," என்று அவர் மற்றக் காலையும் நீட்டினார்.